கண் பரிசோதனைக்கு ஒரு நாவல்

உலகம் தன் நாவலைப் படிக்கும்வரை உலகத்தை விடுவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் ஆபத்துதான். பக்கத்து அறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நாவலின் பெயர் 'மௌனப் பெருவெளியின் முகவரியற்ற முனகல்'. ஒன்பது வருட உழைப்பு. சொந்தச் செலவில் அச்சடித்த முந்நூறு பிரதிகளில் பெரும்பாலானவை கட்டிலுக்கடியில் கிடந்தன. மனிதர் தினமும் தன் படைப்பின் மேலேயே படுத்தார், ஆனால் தூக்கம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. சொந்தக்காரர்களைக் கேட்டால் படித்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வருடமாகப் படித்துக்கொண்டே இருந்தார்கள். மைத்துனர் மட்டும் முன்னுரை பிரமாதம் என்று பாராட்டினார். முன்னுரையை எழுதியது வேறொருவர்.

மனைவியிடம் புத்தகத்தை நீட்டியபோது கண் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஊர் முழுக்கக் கண் பார்க்கிறவரிடமே அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு அவர் கண்ணாடி வாங்க வருகிறவர்களின் கையில் எல்லாம் ஒரு பிரதியைத் திணிக்க ஆரம்பித்தார். வந்தவர்கள் எதிர்வரிசைக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அவள் போட்ட உத்தரவு, கடைக்குள் புத்தகமும் வரக்கூடாது, புத்தகப் பேச்சும் வரக்கூடாது. அவரும் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

புத்தகம்தானே வரக்கூடாது? அட்டை வரலாமே.

கண் சோதிக்கும் அறை கடையின் பின்பக்கம், திரைக்கு உள்ளே இருந்தது. அங்கே நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது வழக்கம். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரப் பொடி எழுத்து. எந்த வரியில் தடுமாறுகிறார்களோ அதை வைத்துக் கண்ணாடியின் பவரைக் கூட்டுவார். பழைய அட்டையில் மழை, மரம், பள்ளிக்கூடம் என்று ஏதோ இருந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தன் நாவலின் முதல் பக்கத்தை அதே அளவில் அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தார். இனிமேல் யாரும் தப்ப முடியாது. படிக்காமல் கண்ணாடி கிடையாது.

முதலில் மாட்டியவர் ஒரு பஸ் டிரைவர். "அந்தகாரத்தின் அடிவயிற்றில் அவிழாத விம்மலாய் அவனது அகவெளி" என்று ஆரம்பித்து, மூன்றாம் சொல்லிலேயே நின்று, திரும்ப முதலிலிருந்து வந்தார். கடைக்காரர் பவரைக் கூட்டினார். டிரைவர் மறுபடி தடுக்கினார். இன்னும் கூட்டினார். அடுத்து வந்த தையல்கார அம்மா 'அலைக்கழிந்து' என்ற இடத்தில் மூச்சு வாங்கினாள். அவளுக்கும் கூட்டினார். ஊரில் இத்தனை பேருக்குக் கண் இவ்வளவு மோசமாகிவிட்டதே என்று அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். முன்பக்கம் கவுண்டரில் ஃபிரேம் பொருத்திக் கொடுக்கும் மனைவி, பகல் சாப்பாட்டின்போது சாதாரணமாகப் பேச்செடுத்தாள்.

"ஏங்க, உள்ள என்ன அட்டை வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா சத்தமா படிக்கச் சொல்லாதீங்க. வெளிய உக்காந்திருக்கிறவங்க காதுல விழுந்து, மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறாங்க. மனசுக்குள்ளயே படிக்கச் சொல்லுங்க. எங்க புரியலையோ, அங்க விரல் வைக்கட்டும்."

அவருக்கு நெஞ்சு திக்கென்றது. பிறகு நிம்மதியானது. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தவிர, இலக்கியம் என்பதே மௌனமாக வாசிக்க வேண்டியதுதான் என்று அவரும் நினைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து அதிசயம் நடந்தது. வந்தவர்கள் அட்டையைக் கையில் வாங்கினார்கள், கடகடவென்று கண்ணை ஓட்டினார்கள், கடைசிப் பொடி வரி வரைக்கும் போனார்கள். யாரும் விரல் வைக்கவில்லை. அவர் அட்டையைப் பார்ப்பதே இல்லை. அவருக்குத்தான் ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடமாயிற்றே. படிக்கிற முகத்தைத்தான் பார்த்தார். ஒருவர் பாதியில் சிரித்தார். ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர் முடித்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடமாக இந்த ஒரு முகத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். அன்று இரண்டாவது நாவலுக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டார். அது முதல் தலைப்பைவிட நீளம்.

ஒரு நர்சம்மா நேரடியாகவே கேட்டுவிட்டாள். "இந்தக் கதை முழுசா எங்க கிடைக்கும்?"

அவர் திரைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மதிய உணவுப் பையின் அடியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, கையெழுத்துப் போட்டு, வெளியே காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையிலேயே நர்சம்மா திரும்பி வந்தாள். முன்பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓடிப் போய்த் திரைக்குள் அழைத்துக்கொண்டார். பாராட்டு வரப்போகிறது என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டார்.

"ஐயா, அவசரத்துல வேற புத்தகத்தைக் குடுத்துட்டீங்க. நான் கேட்டது பூட்டு வாங்குறவன் கதை. இது என்னன்னே தெரியல. ரெண்டு பக்கத்துக்கு மேல தலை சுத்துது. இதை யார் எழுதினதுன்னு தெரியல, பாவம்."

யார் எழுதியது என்று புத்தகத்தின் மேலட்டையிலேயே போட்டிருந்தது. புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவள் போனதும் மேசையிலிருந்த அந்த அட்டையை, பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாகத் தானே எடுத்துப் பார்த்தார்.

'வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் கடைத்தெருவுக்குப் போனான். ஒரு பூட்டு வாங்கினான். அவன் வீட்டில் பூட்டி வைக்கும்படி ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தது.'

அதே அளவு, அதே எழுத்து. அந்த ஆள் அவருடைய கதாநாயகன்தான். அந்தப் பூட்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வருகிறது. அங்கே அவன் பூட்டு வாங்கவில்லை, 'இரும்பின் இதயமொன்றை விலைபேசினான்'.

நிமிர்ந்தால் மனைவி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?" என்றார்.

"பின்ன என்னங்க பண்றது? உங்க அட்டையைப் படிச்ச பதினாலு பேரும் தலைவலின்னு திரும்பி வந்தாங்க. இழுப்பறையில கிடந்த பழைய அட்டையை வச்சுப் பார்த்தா எல்லாருக்கும் பவர் கூடுதல். அந்த டிரைவர் கண்ணு சரியாத்தான் இருக்கு. அவர் தடுக்கினது உங்க வாக்கியத்துல. சத்தமில்லாம எல்லாருக்கும் கண்ணாடியை மாத்திக் குடுத்துட்டேன்."

அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இருபது வருடமாக இந்தக் கையால் ஒரு கண்ணுக்கும் தப்பான பவர் கொடுத்ததில்லை என்று பெருமை பேசியவர். புத்தகம் விற்காததுகூட இப்படிச் சுடவில்லை. பஸ் ஓட்டுகிற மனிதர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்று நினைத்ததும் காது வரைக்கும் எரிந்தது. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, அப்படியானால் நாவலை அவள் படித்தாளா என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு தடவை. உண்மையிலேயே கண்ணு வலிச்சுது. கதை நல்ல கதைதாங்க. நீங்கதான் குறுக்க நின்னு மறைக்கிறீங்க. அதான் உங்களைக் கொஞ்சம் விலக்கி, அட்டையை மாத்தி வச்சேன். படிச்சவங்க வெளிய வந்து என்கிட்ட அடுத்தது கேட்டாங்க. ஏழு அட்டை ஆயிடுச்சு."

கையிலிருந்த இரண்டாம் அட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு அவள் முன்பக்கம் போய்விட்டாள். படிக்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கோபப்பட வேண்டும் என்றும் நினைத்தார். கண் அதற்குள் முதல் வரியில் இறங்கிவிட்டது. அண்ணன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அண்ணி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்திருப்பது யார் என்று கேட்டாள். அவன் பூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவ்வளவுதான், அட்டை முடிந்துவிட்டது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். இது தானே ஒன்பது வருடம் உட்கார்ந்து எழுதிய கதை என்பது அந்த நிமிடம் நினைவில் இல்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?"

மனைவி ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"மூணாவது அட்டை டிரைவர் கையில இருக்கு. அவருக்குப் பின்னாடி நாலு பேர். நீங்களும் போய் வரிசையில உக்காருங்க."