நான் சாப்பிடாத பிரிவு விருந்து

மலர்க்குழு ஆசிரியர் மதிப்பிற்குரிய மார்ஜரி பென்ஹாலோ அவர்களுக்கு,

நம் கணினி ஆய்வகத்தின் முதல் இயந்திரத்துக்குக் கம்பி கோத்தவனும், இப்போது வீட்டில் சும்மா இருப்பவனுமான ஹூபர்ட் கிளெக் எழுதுவது. இங்கு நலம். தங்கள் நலமும் தங்கள் பூனையின் நலமும் அறிய ஆவல்.

ஆய்வகத்தின் வரலாற்று மலர் கிடைத்தது. அட்டை அழகு. உள்ளே, "பேராசிரியர் கிளெக்கின் பிரிவு விருந்தில்தான் நமது புகழ்பெற்ற ஆய்வு பிறந்தது" என்று போட்டிருக்கிறீர்கள். அம்மா, அந்த விருந்து இன்னும் நடக்கவே இல்லை.

நான் ஓய்வு பெற்ற வாரம், எங்கே சாப்பிடுவது என்று பேச்சு வந்தது. பாதிப்பேர் மீன் வறுவல் கடை, பாதிப்பேர் மாட்டுக்கறி ரோஸ்ட் போடும் ஓட்டல். வேறு துறையாக இருந்தால் கை தூக்கச் சொல்லி முடித்திருப்பார்கள். என் மாணவன் நெவில், "கையெல்லாம் எதுக்கு சார், சின்னதா ஒரு புரோகிராம் எழுதிடறேன்" என்றான். எழுதினான். அது மீன் என்றது. உடனே கறிக் கட்சிக்காரி வினிஃப்ரெட், "இந்த மெஷின் படுத்துட்டா முடிவ யாரு சொல்றது?" என்று கேட்டுவைத்தாள். நியாயமான கேள்வி, என்ன செய்ய. மூன்று இயந்திரங்களில் ஓட்டினார்கள். ஒன்று மீன் என்றது, ஒன்று கறி என்றது, மூன்றாவது மற்ற இரண்டும் செத்துப்போனதாக நினைத்துக்கொண்டு தானே தலைவர் என்று அறிவித்துவிட்டது. அது ஏன் என்று ஆராய்ந்து வினிஃப்ரெட் டாக்டர் பட்டம் வாங்கினாள். இயந்திரம் வேண்டுமென்றே பொய் சொன்னால் என்ன ஆகும் என்று நெவில் இன்னொரு பட்டம் வாங்கினான். அந்த ஆய்வுக்குக் கிடைத்த பரிசை வாங்க எல்லாரும் கோபன்ஹேகன் போய் அங்கே விருந்தும் சாப்பிட்டார்கள். எனக்கு மெனு அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள்.

நான் டை கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருவதைப் பார்த்து என் மனைவி எடித், "பேசாம அந்தப் பையனக் கூப்பிட்டு, பசிக்குதுடான்னு சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள். சொன்னேன். "ஒரே ஆள் சொன்னா அது முடிவாகாதே சார்" என்கிறான் நெவில். இதற்குள் கறி ஓட்டலை மூடிவிட்டு அங்கே செருப்புக்கடை வந்துவிட்டது. அதை இயந்திரங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல, ஒன்று இன்னும் அதற்குத்தான் ஓட்டுப் போடுகிறது.

எனக்கு மீனும் வேணாம், கறியும் வேணாம். ஆயுசு முழுக்க கூட வேலை பார்த்த பிள்ளைங்களோட ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடணும், அவ்வளவுதான். எனக்கும் வயசாகுதில்ல. ஆகவே, ஒன்று அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள், இல்லை அவர்களைச் சாப்பிடக் கூட்டி வாருங்கள். எது சுலபமோ அது.

தங்கள் அடுப்பு அணையாமலும், சாப்பாட்டு மேசையில் ஆள் குறையாமலும் இருக்க வாழ்த்தும்,
ஹூபர்ட் கிளெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், வாசலில் வேன். உள்ளே மொத்த ஆய்வகமும் இருந்தது. "கெளம்புங்க சார், மூணும் ஒத்துப்போச்சு. மீன் கடைதான்" என்றான் நெவில். எடித் கோட்டை நீட்டினாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "மூணும் சேர்ந்து தப்பா சொன்னா, அத எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?" நெவில் வண்டி ஓட்டுபவரிடம், "மொதல்ல ஆய்வகத்துக்கு விடுங்க, இத ஆராஞ்சிட்டுச் சாப்பிடலாம்" என்றான். இதை வேனின் பின்சீட்டில், நெவிலுக்கும் வினிஃப்ரெட்டுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மலரில் எதையும் திருத்த வேண்டாம்.