மஞ்சுவின் நிச்சயமும் என் ஒயர் வேலையும்

வீட்டில் முதலில் படித்தவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. இரண்டாவதாகப் படித்தவள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தது நான். அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தவர் கழனியில் நாற்று பிடுங்கி வளர்ந்தவர்கள். நான் பத்தாவது பாஸ் செய்தபோது செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். பிறகு ஆட்டோமொபைல் டிப்ளமோ, மறைமலைநகரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் பரிசோதகர் வேலை. கரண்ட் பில்லில் சந்தேகமா, ரேஷன் கார்டில் பெயர் தப்பா, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். (மருந்துச் சீட்டைக்கூடக் காட்டுவார்கள். நானும் டாக்டர் மாதிரி புருவத்தைச் சுருக்கிப் பார்ப்பேன்.)

இப்படி ராணியாக இருந்தவள் தலையில் மண்ணைப் போட்டவள் சித்தப்பா மகள் மஞ்சு. என் பழைய புத்தகங்களையே படித்து, என்னைத் தாண்டி இன்ஜினியராகி, சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நான் கம்பெனி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுவேன். அவளுக்கு வாசலிலேயே கார் வந்து நிற்கும். கரண்ட் பில் மெல்ல அவள் கைக்குப் போனது. பெற்ற அம்மாவே, "எதுக்கும் மஞ்சுவ ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மஞ்சுவுக்கு மாமல்லபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் அப்பாவின் பழைய வேனில் போவதாக ஏற்பாடு. வேனுக்கோ ஒரு வியாதி. ஆயில் விளக்கு இஷ்டத்துக்கு மினுக்கும். இன்ஜினைத் திறந்தால் ஒயர்களெல்லாம் ஆயிலில் ஊறி, எண்ணெய் தேய்த்த பின்னல் மாதிரி ஒரே கறுப்பாகத் தொங்கும்.

"மெக்கானிக்காண்ட வுட்டுடறேன்" என்றார் அப்பா.

"வூட்ல நான் எதுக்கு கீறேன்?" என்றேன்.

மஞ்சு எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஆயில் சுவிட்சு லீக் ஆவுது போல. அதான் ஒயரு உள்ளாறயே ஆயில் ஏறிகினு வருது. தொடச்சா மட்டும் பத்தாது, சுவிட்ச மாத்திடு."

இன்ஜினில் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவைக்கிற சின்னச் சுவிட்ச் அது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானே அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாளே! இனிமேல் மாற்றினால், அவள் சொல்லி நான் செய்ததாகிவிடாதா?

"கம்ப்யூட்டர் வேற, வண்டி வேற. நீ போயி மருதாணி வெச்சிக்க" என்று துரத்தினேன். பழைய சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, ஒயர்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

எது எந்த ஒயர் என்று தெரிய, கம்பெனியில் கலர் ஸ்டிக்கர் ஒட்டுவோம். வீட்டில் ஸ்டிக்கருக்கு எங்கே போக? என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். ஹாரன் ஒயருக்குச் சிவப்புப் பொட்டு, ஆயில் சுவிட்ச் ஒயருக்குப் பச்சைப் பொட்டு. இன்ஜினே சுமங்கலி மாதிரி லட்சணமாக இருந்தது. பிறகு இரண்டையும் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தேன். மண்ணெண்ணெய் பட்டால் பொட்டின் பசை விட்டுவிடும் என்பது டிப்ளமோ பாடத்தில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் என் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜன்னலில் மஞ்சு. அவள் கண்ணெதிரில் நான் குழம்பி நிற்பதா? தோன்றியபடி மாட்டி மூடிவிட்டேன்.

அப்பா சாவியைத் திருப்பினார். 'பாம்' என்று ஒரு குட்டிச் சத்தம். கை பட்டிருக்கும் என்று நினைத்தோம். இன்ஜின் ஓடியது, ஆயில் விளக்கு மினுக்கவே இல்லை. "பாத்தியா?" என்று ஜன்னலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வரை வேன் பூப்போலப் போனது. "ஹாரன அமுக்கினா சத்தமே வர்ல, ஆயில் லைட்டு எரியுது" என்று அப்பா முணுமுணுத்தார். "ஒயரு காஞ்சா சரியாப் பூடும்" என்றேன், அதே டாக்டர் புருவத்தோடு.

ஊருக்குள் ஒரு சாவு வீடு. பந்தலுக்காக வேன் மெதுவானது. இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆயிலும் வழியெல்லாம் ஒழுகி, அழுத்தம் குறைந்தது. விளக்கை எரியவைக்க வேண்டிய சுவிட்ச், நான் ஒயரை மாற்றி மாட்டிய லட்சணத்தில், ஹாரனை அலறவைத்தது.

பந்தலிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். "இன்னா நைனா, சாவு வூட்டாண்ட வந்து ஹாரன் அட்ச்சிகினு கீற?"

"நான் அடிக்கலப்பா!" அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"பின்ன வண்டியே அழுவுதா?"

அப்பா பதறி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஹாரன் நின்றது. காலை எடுத்தார். மறுபடி ஒப்பாரி. உறுமிக்கொண்டும் ஊளையிட்டுக்கொண்டும் அந்தத் தெருவைக் கடந்தோம். சித்தப்பா வரிசைத் தட்டின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் காத்திருந்தார்கள். வேன் வேகத்தைக் குறைத்ததும் நீளமாக அலறியது. மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா சாவியைப் பிடுங்கினார். அந்த அமைதியில், வேனுக்கடியில் ஆயில் சொட்டுவது எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. "நல்ல காரியத்துக்கு வர்ற வண்டியா இது? சகுனமே சரியில்லயே."

சித்தப்பா வரிசைத் தட்டை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். எனக்கு அப்படியே கடலைப் பார்த்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பட்டுப்புடவையோடு மஞ்சு இறங்கினாள். "ஒண்ணுமில்ல அத்த. எங்க அக்கா வண்டிங்க படிப்பு படிச்சது. ஆயில் கொறஞ்சா ஹாரன் அடிக்கிற மாதிரி அதுவே செஞ்சி வெச்சிருக்குது. இல்லன்னா இன்ஜினே வீணாப் பூட்டிருக்கும்."

மாப்பிள்ளையின் அப்பா மீன் டெம்போ ஓட்டுபவர். அவர் முகம் மலர்ந்தது. "அட, டிரைவரு வெளக்க எங்க பாக்குறான்? இதத்தான் வெக்கணும்! நம்ம டெம்போவுக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா." மேளம் மறுபடி தொடங்கியது. தட்டு மாறியது.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காப்பாற்றிவிட்டாள். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு யாருக்காவது புதுப்புடவை வந்து, நான் காரணமில்லாமல் பாத்திரத்தை உருட்டினால் போதும். "அக்காவுக்கு ஆயில் கொறஞ்சிட்ச்சி" என்று வீடே சிரிக்கும். இப்போது மஞ்சுவின் மகள்கூட, "பெரிம்மா, ஆயிலா?" என்று கேட்கிறது.

இந்தக் கேலியை முதலில் கண்டுபிடித்ததும் மஞ்சுதான். நல்ல கேலி. அதுவாவது எனக்கு முதலில் தோன்றியிருக்கக் கூடாதா?