லொரெய்ன் அம்மாளின் அலமாரியில் செம்புள்ளி நோய்

சன்னிவேல், கலிஃபோர்னியா
15.12.1998, செவ்வாய்க்கிழமை

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் செல்வராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் நஞ்சப்பன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நான், பவளம், மகன் அகிலன் மூவரும் சுகம். அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதையெல்லாம் மறுதபாலில் தெரிவிக்கவும். இந்தக் கடிதத்தை நீங்கள் ஓய்வுபெற்ற மதுவிலக்கு இன்ஸ்பெக்டராகப் படிக்காமல், எனக்கு மச்சானாக மட்டும் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அது முடியாது என்றால் இந்த இடத்தோடு நிறுத்தி அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் படிக்கட்டும்.

நான் வேளாண்மைத் துறையில் பயிர்ப் பாதுகாப்பில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆகஸ்ட்டில் வந்து இறங்கியதிலிருந்து தேடிவிட்டேன், ஒரு செடிக்கும் ஒரு வியாதி கிடையாது. எல்லாவற்றையும் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிவிட்டுப் புதுச்செடி நட்டுவிட்டுப் போகிறார்கள். சட்டைப் பையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தினம் இரண்டு வேளை நடப்பேன், சும்மா திரும்பி வருவேன். அகிலன் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவான். ரெண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் தேதி குழம்பிப்போகுமாம், அதைச் சரிபண்ணுகிறான். பவளம் என்னைவிடக் கெட்டிக்காரி, வந்த பத்தாவது நாளே கீழே துணி துவைக்கிற அறையில் எதிர்வீட்டு லொரெய்ன் அம்மாளைச் சிநேகம் பிடித்துக்கொண்டு, தினம் மத்தியானம் ரசம் சாதத்தோடு அங்கே போய்விடுகிறாள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஒன்றரை மணி நேரம் என்னதான் பேசுகிறார்களோ எனக்குத் தெரியாது.

லொரெய்ன் அம்மாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், எலும்பும் தோலுமாக இருப்பார். அக்டோபரில் ஒருநாள் காலை நான் லிஃப்டில் இறங்கும்போது, குப்பையில் போடுவதற்காக ஒரு வாடின செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு அவரும் ஏறினார். இலை பூராவும் புள்ளி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், இரண்டு மாதப் பட்டினி. அனுமதி கேட்டு ஒரு இலையைக் கிள்ளிக் கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் கருகல், சுற்றிச் சிவப்பு, அதற்கும் வெளியே மஞ்சள். லிஃப்ட் கீழே போய், கதவு திறந்து மூடி, மறுபடி மூன்றாவது மாடிக்கே வந்துவிட்டது, நான் தலை நிமிரவில்லை. இது பூஞ்சாண நோய், சந்தேகமே இல்லை என்று சொன்னேன். நீங்கள் டாக்டரா என்று கேட்டார், செடிக்கு டாக்டர் என்றேன். உடனே என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், சுவரில் பதித்த துணி அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே துணி இல்லை, பெரிய விளக்கு ஒன்று எரிகிறது, அதன் அடியில் அதே மாதிரி நாலு இளஞ்செடி, நாலிலும் புள்ளி. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து இருபது நிமிஷம் விளக்கம் சொன்னேன். பிறகு நோட்டில் படம் வரைவதற்காக ஒரு இலையைத் தாளின் மேல் வைத்து விரித்தேன். ஏழு விரல்.

மச்சான், 1981-இல் மலையில் ராகிக் காட்டுக்குள் ஊடுபயிராகப் போட்டிருந்ததை நீங்கள் சாக்குச் சாக்காகப் பிடுங்கி அடுக்க, நான் தொழில்நுட்ப சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேனே, அதே பயிர்தான். கஞ்சா. கோர்ட்டில் கூண்டில் நின்று, இந்தச் செடியை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன் என்று சத்தியம் பண்ணினவன், புள்ளியையே பார்த்துக்கொண்டு செடியைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எழுந்து ஓடிவந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அந்தம்மாள் விடவில்லை. அவருக்குப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருதரம் மருந்து ஏற்றுகிறார்கள், ஏற்றினால் சோற்று வாசனையே ஆகாது, ஒரு வாய் இறங்காது. இந்தச் செடி பசியைக் கிளப்புமாம். டாக்டர் கடுதாசி இருந்தால் இந்த மாநிலத்தில் வளர்த்துக்கொள்ளலாமாம், கடுதாசியையும் காட்டினார். அன்றைக்கு அவர் எடை தொண்ணூற்றாறு பவுண்டு. டிசம்பர் பதினாலாம் தேதிக்குள் நூறு தொட்டால்தான் அடுத்த சுற்று மருந்து, இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். சிநேகிதி ஒருத்தி ஐந்து கன்று கொடுத்ததில் ஒன்று குப்பைக்குப் போயாயிற்று. மீதி நாலும் போனால் நானும் போனமாதிரிதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள் என்னை என்ன திட்டினாலும் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பூஞ்சாணம் என்றால் ஈரம் ஆகாது என்பதால் ஜன்னலைத் திறந்து காற்றாடியை வைத்தேன், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, லொரெய்ன் அம்மாளுக்கு ஜலதோஷம் பிடித்தது. சரி என்று வேப்பெண்ணெயைப் பாத்திரம் கழுவுகிற சோப்பில் கலக்கி அடித்தேன், இலையெல்லாம் எண்ணெய்க் குளியல் கண்ட பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அதோடு அந்த வாடை கதவிடுக்கு வழியாக வராந்தா முழுக்கப் பரவி, குடியிருப்பு மேனேஜர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டிவிட்டார். எங்கள் இருவருக்கும் உயிரே இல்லை. வேப்பெண்ணெய் நாற்றத்தில் கஞ்சா வாடை அவருக்குத் தெரியவே இல்லை, ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து எலிப்பொறி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தது சாம்பல்சத்துக் குறையோ என்று பட்டது. அடுப்புச் சாம்பலுக்கு நான் எங்கே போவேன்? நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் கறி சுடுகிற அடுப்பு ஒன்று இருக்கிறது, நவம்பர் கடைசியில் நாலு நாள் விடுமுறை வந்தபோது அதில் நன்றாகச் சாம்பல் விழுந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்புக்குள் தலையை விட்டுக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், அகிலன் தன் ஆபீஸ் ஆட்கள் நாலு பேரோடு எதிரே நிற்கிறான். அவனுடைய மேலதிகாரி என்னிடம் ரொம்ப மரியாதையாக, இது உங்கள் மதச் சடங்கா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அகிலன் பிடித்துக்கொண்டான். எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அவன் சத்தம் போடவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா, நான் கிரீன் கார்டு அப்ளை பண்ணி மூணு வருஷம் வெயிட் பண்றேன். நாளைக்குப் போலீஸ் வந்தா உங்க பூதக்கண்ணாடியைக் காட்டி என்னன்னு எக்ஸ்பிளெயின் பண்ணுவீங்க?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. இனிமேல் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டான். உங்கள் தங்கைக்கு மட்டும் விதிவிலக்கு, அவள் சோறுதானே கொண்டுபோகிறாள் என்று விட்டுவிட்டான். பதினாலாம் தேதிக்கு இரண்டே வாரம் இருக்கிறது, நோய் நின்றபாடில்லை, வைத்தியனுக்குத் தடை. அவன் பஸ் ஏறினவுடன் நான் எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன், பஸ் வரும் நேரத்துக்கு முன்னால் வந்து பேப்பர் படிப்பேன். பெற்ற பிள்ளைக்குப் பயந்து இப்படி ஒளிந்து திரிய வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன்.

இந்தக் கட்டத்தில்தான் என் சர்வீஸ் கைகொடுத்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விசேஷம் தெரிந்தது. புதுப்புள்ளி எல்லா நாளும் வருவதில்லை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும்தான் வருகிறது. அப்படியென்றால் செவ்வாயும் வெள்ளியும் ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்று வராந்தாவில் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரு ஆள் மிஷின் கொண்டுவந்து கம்பளத்தில் தூசி உறிஞ்சினான், வெள்ளியும் வருவேன் என்றான். அந்தத் தூசியில் கிளம்புகிற பூஞ்சாண வித்து கதவிடுக்கு வழியாக உள்ளே போய் இலையில் உட்காருகிறது, மறுநாள் புள்ளியாகத் தெரிகிறது. உடனே லொரெய்ன் அம்மாள் வீட்டுக் கதவடியில் ஈரத்துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்தேன். மச்சான், நம்பினால் நம்புங்கள், அந்தச் செவ்வாயிலிருந்து இன்றுவரை ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி கூடப் புதிதாக வரவில்லை. நாலு செடியும் தளதளவென்று துளிர்த்துவிட்டன.

நேற்று பதினாலாம் தேதி. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்த லொரெய்ன் அம்மாள் எங்கள் கதவைத் தட்டி, நூற்றிரண்டு என்றார். அடுத்த சுற்று மருந்து உண்டு, ஜனவரியில் ஆரம்பிக்கிறார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க நான் எலிப்பொறியைப் பற்றி ஏதோ பேசினேன். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஏக்கரைக் காப்பாற்றியிருக்கிறேன், ஒரு ஆளைக் காப்பாற்றியது இதுதான் முதல்தடவை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதோடு வைத்திருக்கும் நாலு பக்கக் கட்டுரையை நம் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் சங்கப் பத்திரிகையில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவும். தலைப்பு "உள்ளறைப் பயிர்களில் செம்புள்ளி நோயும் ஈரத்துண்டு முறையும்". பயிரின் பெயரை வெண்டை என்று மாற்றியிருக்கிறேன், ஏழு விரல் இலையை மட்டும் படத்தில் ஐந்தாகக் குறைத்திருக்கிறேன். பிப்ரவரியில் நாங்கள் வந்து இறங்குவதற்குள் அச்சில் வந்துவிட்டால் நல்லது. அக்காவுக்கு எங்கள் வணக்கம், வீட்டில் சின்னவர்களுக்கு ஆசி, எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
நஞ்சப்பன்

பின்குறிப்பு: கட்டுரையைக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டால் திருப்பி வாங்கிக் கிழித்துவிடவும்.

உறையில் போடுமுன், அண்ணனுக்கு நீயும் நாலு வரி சேர்க்கிறாயா என்று பவளத்தைக் கேட்டேன். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றாள், படித்துக் காட்டினேன். செவ்வாய் வெள்ளி வந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, செவ்வாயும் வெள்ளியும் அந்தம்மாளுக்கு நான் ஆலாத்தி சுத்துவேனுங்க. அந்த ஒடம்புக்குக் கண்ணு பட்டிருக்குதுன்னு ஆகஸ்ட்டுலிருந்தே சுத்தறேன். சுத்துன தண்ணிய எங்க கொண்டுபோய் ஊத்தறது, ஊட்டுக்குள்ள பூராவும் கம்பளம். கால் படாத எடமாப் பாத்து அந்தச் செடிங்க தலைமேல ஊத்திப்போடுவேன்" என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், மச்சான். சுண்ணாம்பு சுட்டுக் கருகினது நடுவில், சிவப்பும் மஞ்சளும் ஓரத்தில். மஞ்சள் விளைகிற சீமையில் பிறந்து, மஞ்சளிலேயே முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் பார்த்த நான், இரண்டு மாதம் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பூஞ்சாணம் என்று எழுதியிருக்கிறேன். பின்னே ஏன் இப்போது நின்றது என்று கேட்டேன். நான் துண்டு அடைத்த வாரம் அவளுடைய சுண்ணாம்பு டப்பா தீர்ந்துவிட்டதாம்.

மனசு கேட்காமல் எதிர்வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். லொரெய்ன் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எப்படியோ இலை பிழைத்து உங்களுக்குப் பசி வந்ததே, அது போதும் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இதெல்லாம் கைக்குழந்தைகள், பூ எடுக்கப் பங்குனி ஆகும், இதுவரை ஒரு இலையைக்கூட நான் தொடவில்லையே என்றார். அப்படியென்றால் இந்த ஆறு பவுண்டு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். தட்டு காலியாகும்வரை உங்கள் மனைவி எழுந்திருப்பதில்லை, சாப்பிட முடியவில்லை என்று நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன் என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வாரமாக ஏன் சுற்றவில்லை என்று அந்தம்மாள் கேட்கச் சொன்னதைப் பவளத்திடம் சொன்னேன். சுண்ணாம்பு இல்லையே என்று வருத்தப்பட்டாள். மஞ்சள் தண்ணீரில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் சிவக்கும் என்றேன், போட்டுப் பார்த்தாள், சிவந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஏற்றுக்கொண்ட என்னுடைய ஒரே தொழில்நுட்ப ஆலோசனை இதுதான். இன்றைக்குச் செவ்வாய், சுற்றி முடித்துத் தட்டை என் கையில் கொடுத்திருக்கிறாள். மூன்று மாடி இறங்கிக் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஊற்ற வேண்டும், லிஃப்டில் சிந்தக்கூடாதாம். போய்வருகிறேன்.