நைலானக்கா ஆன கம்பளியக்கா

போடிநாயக்கனூர் வெயிலில், மின்விசிறிக்கு அடியில் வேர்த்து வழிந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து, உல்லன் சாக்ஸ் இல்லாததுதான் அவள் வாழ்க்கையின் ஒரே குறை என்று நம்பவைக்கக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அவர் கம்பளியக்கா.

நான் அப்போது மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க். ஸ்டோர் என்றால் மளிகைக்கடை அல்ல, பறித்த ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பிச் சூடு காட்டி உலர்த்தும் கட்டடம். விடிவதற்கு முன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி மேலே போவோம். அந்த ஜீப்பில் எத்தனை பேர் போனோம் என்று எழுதினால் டிரைவர்மேல் இன்றைக்கும் வழக்குப் போடுவார்கள். அந்த நெரிசலிலும் ஓரத்து இடம் கம்பளியக்காவுக்குத்தான். அவர் காய் எடுக்க வருகிறவர் அல்ல. மடியில் ஒரு பையோடு, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களுக்குச் சுத்தக் கம்பளிச் சாக்ஸ் விற்கிறவர்.

மேலே சாக்ஸ் தேவைதான். மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸுக்குள் கால் விறைத்துப்போகும். விறைக்காத இடத்தை அட்டைப்பூச்சி பார்த்துக்கொள்ளும். ஆனால் எங்கள் பெண்கள் வீட்டுக்காரர் போட்டுத் தேய்த்த நைலான் சாக்ஸை மாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். அதுதான் அக்காவுக்கு ஆகாது. "ஆம்பளச் சாக்ஸு குதிகால்ல மூட்டையாட்டம் நிக்கும், நடந்தா கொப்புளம் போடும். அவரோட வாழ்றது பத்தாதுன்னு அவரு சாக்ஸோடயும் வாழணுமாக்கும்?" என்பார்.

சரி, வாங்கிவிடலாம் என்றால் அதுவும் லேசில் நடக்காது. ஆதார் கார்டில் பெயர் திருத்துவது அதைவிடச் சுலபம். முதலில் கையை முஷ்டியாக மூடச் சொல்வார். சாக்ஸின் பாதத்தை அதில் சுற்றுவார். குதிகால் பகுதியும் விரல் நுனியும் தொட்டுக்கொண்டால்தான் நம் அளவு. பிறகு கழுத்தில் தேய்ப்பார். அரித்தால் அந்த நூல் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. கடைசியாக ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுவார். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி உருண்டால் நைலான். இந்த ஆராய்ச்சியை ஒருநாள் ஓடும் ஜீப்பில் நடத்தினார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இறங்கிவந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

காசைக் கொடுத்து வாங்கிய பிறகாவது அது நம் சாக்ஸ் ஆகுமா என்றால் ஆகாது. நம்மிடம் வளர்ப்புக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரில், பூந்திக்கொட்டை நுரையில் அலச வேண்டும். கல்லில் தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி அமுக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடுமாம்; ஆகவே நிழலில் படுக்கவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக்கூட மதியம் அந்த மரியாதை கிடைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சூடு ஆகவே ஆகாது. "சூடு பட்டா நைலானு அப்புடியே கெடக்கும், ரோசம் கெட்டது. கம்பளிக்குத்தான் ரோசம். சுருங்கிச் செத்துரும்" என்று ஜீப் முழுக்க மனப்பாடம் ஆகும்வரை ஓதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சோதனை. எங்கள் பீரோவைத் திறந்து, சாக்ஸுக்கு நடுவில் வேப்பிலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். "ஒன்னயப் பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டுப் பாக்கலயேடி" என்றார் அம்மா.

தாம் விற்ற ஒவ்வொரு ஜோடியின் விளிம்பிலும் அக்கா ஒரு தையல் போட்டுக் கொடுப்பார். ஆளுக்கு ஒரு நிறம். எனக்கு நீலம், செல்விக்கு மஞ்சள். யாருடைய சாக்ஸ் என்று தையலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பது மலை முழுக்கப் பிரசித்தம்.

செல்வி எங்கள் ஸ்டோரில் காய் கிளறிவிடுகிறவள். திருப்பூர் போன வீட்டுக்காரர் போனவர் போனவர்தான். இரண்டு பெண்பிள்ளைகளின் சோறும் படிப்பும் அவள் கூலியில்தான் ஓடின. ஒரு மழைக்காலம், நாள்கணக்கில் வெயிலே தலைகாட்டவில்லை. காலில் நனைந்த சாக்ஸ், கண்ணெதிரே கதகதவென்று ஸ்டோர். கழற்றி, காய்த்தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள். சாயங்காலம் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது, அதுவும் கைக்குழந்தையின் கால் அளவில். இன்னொன்று காயோடு காயாகக் கலந்து எங்கோ போய்விட்டது.

போனது, சரியாக வெளியூர் வியாபாரி வந்த அன்று திரும்பிவந்தது. முதலாளி தம் காயின் பச்சை நிறத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபடியே மூட்டையைக் கவிழ்த்தார். குவியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தது குட்டிச் சாக்ஸ். வியாபாரி அதை எடுத்துப் பார்த்து, இங்கே சின்னப் பிள்ளைகளையும் வேலைக்கு வைத்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். போனில் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற எவரும் பேசியதில்லை.

முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்தார். இது யாருடையதோ, அவள் நாளையிலிருந்து ஜீப்பில் ஏற வேண்டாம் என்றார். எல்லோரும் காய்த்தட்டுகளைப் பார்த்தோம். அவருக்கா வழி தெரியாது? பக்கத்துத் தோட்டத்தில் விற்றுக்கொண்டிருந்த கம்பளியக்காவைக் கூட்டிவரச் சொன்னார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குக் கம்பளி விஷயத்தில் பெற்ற தாயும் ஒன்றுதான், பிறத்தியாரும் ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரியும்.

அக்கா சாக்ஸை வாங்கினார். எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் மாறிப்போனது. விளிம்பைத் திருப்பினார், மஞ்சள் தையல் நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. தலையை நிமிர்த்திச் செல்வியை ஒரு பார்வை பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"என் தையல்தாங்க மொதலாளி. ஆனா இது நைலானு. ஏமாந்து வாங்குன கட்டு. நைலானுக்கெல்லாம் நான் ஆளு பேரு ஞாபகம் வச்சுக்கிறதில்ல."

"நைலானு இப்படியா சுருங்கும்?" என்றார் முதலாளி.

"நைலானுதாங்க சுருங்கும். கம்பளி அப்புடியே கெடக்கும்."

ஜீப்பில் வந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஒருத்திக்கு இருமல் வந்தது. நான் உத்தரத்தில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்தேன்.

முதலாளி லேசுப்பட்டவரா? கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமாமே என்று தீப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். செல்வியின் பிடி இறுகி என் கை வலித்தது. அக்கா அசையவில்லை. "கொளுத்துங்க, எனக்கென்ன. கருகுன வாட காயில ஏறுச்சுன்னா அடுத்த யாவாரியும் மோந்து பாத்துட்டுப் போயிருவான்" என்றார். வெளியே போய்க் கொளுத்தலாமே என்று முதலாளிக்குத் தோன்றவில்லை. வெளியே மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. தீப்பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தன காலமும் நைலானத்தான் கம்பளின்னு வித்தியாக்கும்?"

அக்கா தரையைப் பார்த்தார். "ஆமாங்க."

அவ்வளவுதான். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததும் முதலாளி எங்களை மறந்துவிட்டார். அரைமணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார் அக்கா. திரும்பும் ஜீப்பில், வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருக்கும் சாக்ஸ் விற்கவில்லை. போடி நெருங்கும்போது செல்வியிடம் குட்டிச் சாக்ஸை நீட்டி, "இதுக்குச் சோடி எங்க?" என்றார். அவள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். பையிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டார். "இதையாச்சும் நெழல்ல போடு, கொலகாரி."

செல்வியின் வேலை பிழைத்தது. அக்காவின் பெயர்தான் போனது. முதலாளி போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். மற்ற ஜீப்புகளில் 'நைலானக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சந்தேகம் என்று யாராவது முகத்தைச் சுளித்தாலே தீக்குச்சியைக் கிழிக்கிற மனுஷி, அந்தப் பெயருக்கும் "என்னத்தா?" என்று திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது.

இப்போது அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது. செல்வி போடியிலேயே காய் தரம் பிரிக்கும் இடத்தில் இருக்கிறாள். இதை எழுதச் சொன்னதே அவள்தான். அக்கா முழங்கால் வலியால் மலையேறுவதில்லை. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் யாரோ "நைலானக்கா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது, அக்கா திரும்பிச் சிரித்தது கண்ணில் பட்டது.

ஆகவே மலைக்கு மேலும் கீழும் இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன்: அது சுத்தக் கம்பளி. சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். நீலத் தையல் போட்ட ஜோடி இன்னும் பீரோவில் இருக்கிறது. வேப்பிலையைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றினேன்.