மூன்று முதலாளிகளும் நான்கு கோடுகளும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. நான் வேலை பார்க்கும் கம்பெனிக் கிடங்கில் இரண்டு மெத்தை அடுக்குகளுக்கு இடையே ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மெத்தை மேல் வைத்து எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளவும்.

போன முறை வந்தபோது என் போன் கேமராவில் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு என்று கோடுகள் வரவழைத்து, "மாமா, ஆளைக் கோட்டு மேல நிறுத்துங்க, நடுவுல மட்டும் நிறுத்தாதீங்க, படம் செத்துடும்" என்றீர்களே, அதில் பிடித்தது சனி. எங்கள் முதலாளிகள் அண்ணன் தம்பி மூன்று பேர். சொத்துத் தகராறில் ஒருவருக்கொருவர் பேச்சே கிடையாது. கம்பெனி காலண்டருக்குப் படம் வேண்டுமென்று மானேஜர் கெஞ்சிக் கூத்தாடி மூவரையும் வாசலில் நிறுத்தி, என்னை எடுக்கச் சொன்னார். வந்தமா, எடுத்தமா என்று இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். பெரியவர் இடது கோட்டில் அம்சமாக நிற்கிறார், சின்னவர் வலது கோட்டில். நடு முதலாளி நட்டநடுவில். படம் செத்துவிடுமே என்ற பதற்றத்தில், "சார், நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய வந்துடுங்க, நீங்க இல்லேன்னா நல்லா இருக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதைச் சொல்லச் சொன்னது அண்ணனா, தம்பியா?" என்றார். பெரியவர் சின்னவரை முறைக்க, சின்னவர் பெரியவரை முறைக்க, நான் போனை நீட்டி, "ஐயோ இல்ல சார், என் மாப்பிள்ளை சொன்னாரு" என்றேன். "உன் மாப்பிள்ளை யாரு, வக்கீலா?" என்று மூவரும் ஒன்றாகக் கேட்டார்கள். அப்போது ஓடியவன்தான். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு என்னை வேலையைவிட்டுத் தூக்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், மானேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெற இன்னும் சில வருடம் இருக்கிறது, இந்த வயதில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உங்கள் அத்தையிடம் சொல்ல அதைவிடப் பயம்.

சகோதரர்கள் மனம் ஒன்றுபட்டால் அந்தச் சந்தோஷத்தில் என்னை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். அதற்காக நீங்களும் என் மகளும் தினமும் வேண்டிக்கொள்ளவும். என் கதி எப்படியானாலும் நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
நடுக்கம் நிற்காத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: வேண்டுவதை உடனே நிறுத்தவும். என்னை நீக்குவதில் மூவருக்கும் சம்மதமாம். ஆனால் நீக்கும் உரிமை மூத்தவனுக்கே என்று பெரியவரும், அவமானப்பட்டது நான் என்று நடு முதலாளியும், கிடங்கு என் பொறுப்பு என்று சின்னவரும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களாம். முடிவாகும்வரை நான் வழக்கம்போல் வேலைக்கு வரலாம். "கோர்ட்டுக்குப் போனா உங்க ரிடையர்மெண்ட் வரைக்கும் தாங்கும்" என்கிறார் மானேஜர். எங்கே சமாதானமாகிவிடுவார்களோ என்றுதான் இப்போது நெஞ்சு படபடக்கிறது.