எட்டை விட்டு நகராத தேவி

தொண்ணூற்று நான்கில், பாண்டி பஜாருக்குச் சேலை எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் சேலை எடுக்காமல் வீடு திரும்பினார்கள். பக்கத்துச் சந்தில் 'கட்டம்' கருணாகரன் கடை விரித்திருந்தார். கடை என்றால் அவருக்குக் கோபம் வரும். பீடம் என்று சொல்ல வேண்டும். வாயில் வந்த எண்ணை நீங்கள் சொல்லலாம். சாமி கண்ணை மூடுவார், உதடு துடிக்கும், செப்புத் தகட்டில் பதினாறு கட்டம் கீறி மளமளவென்று நிரப்புவார். மேலிருந்து கீழே, பக்கவாட்டில், மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் சொன்ன எண்ணே வந்து நிற்கும். எண்ணின் தேவி அவர் நாவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாளாம். அவளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லா வழியிலும் கூட்டிப் பார்த்தார். "டோட்டல் டாலி ஆறதுடி" என்று கண் கலங்கினார். கணக்கு இடிக்காவிட்டால் ஆள் யோக்கியன். வங்கி அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தத்துவம் அது.

உண்மையில் கண் கலங்க வேண்டியவள் மகள் மதுவந்தி. புனேயில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் போயிற்று.

"உன் எண்ணுக்கும் அந்த ஊர் எண்ணுக்கும் பகையாம். சாமி சொல்லிட்டார். பேசாம ஆத்துல இரு."

"ஊருக்கு ஏதுப்பா எண்?"

"ஏன், பின்கோடு இல்லையா?"

சாமியிடம் ஒரு நிபந்தனை உண்டு. தகட்டை மஞ்சள் பட்டில் சுற்றி வைக்க வேண்டும். அடுத்தவர் பார்த்தால் பலன் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக் குழம்பின் வாசனைக்கே விவரம் கேட்கிற தெரு, இதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. மாடி வீட்டுப் புஷ்பம் தன் தகட்டைப் புளி போட்டுத் தேய்க்கக் குழாயடிக்குக் கொண்டுவரும் வரை.

மதுவந்தி எட்டிப் பார்த்தாள். முதல் கட்டத்தில் எட்டு. அப்பாவின் தகட்டிலும் எட்டுதான்.

"உங்க எண் என்னக்கா?"

"அறுபத்து மூணு. யாருகிட்டயும் சொல்லிராத. நானே எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

அப்பாவின் எண் ஐம்பத்தொன்று. இரண்டு தகடுகளையும் அருகருகே வைத்தாள். பன்னிரண்டு கட்டங்கள் அச்சு அசல் ஒன்று. வரிசைக்கு ஒரு கட்டம்தான் மாறியிருந்தது. முதல் வரிசையில் மாறாத எண்கள் எட்டும் பதினொன்றும் ஒன்றும், கூட்டினால் இருபது. சொன்ன எண்ணில் இருபதைக் கழித்தால் மீதிக் கட்டம் கிடைத்துவிடுகிறது. மற்ற வரிசைகளும் அப்படியே. பழைய காலண்டர் தாளின் பின்புறம் அவளே நாலைந்து போட்டுப் பார்த்தாள். தேவி நாவில் இல்லை, கழித்தலில் இருந்தாள்.

சனிக்கிழமை, அப்பாவையும் புஷ்பத்தையும் இழுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனாள். வாரப் பூஜைக்குப் பட்டில் சுற்றிய தகட்டோடு வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது.

"எண்ணைச் சொல்லும்மா."

"நாற்பத்தேழு. ஒரே ஒரு வேண்டுதல் சாமி. முதல் கட்டத்துல ஏழு போடுங்கோ. எட்டு எனக்கு ஆகாது."

சாமி கண்ணை மூடினார். உதடு துடித்தது. கைதான் நகரவில்லை.

"தேவி கொடுக்கிறதைத்தான் வாங்கணும்."

"ஏழு அவளுக்குத் தெரியாதா சாமி?"

"ஏ மது, என் தகட்டுலயும் எட்டுதானே?" என்றாள் புஷ்பம், ஊருக்கே கேட்கும்படி.

ஒரு பட்டு அவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. கூடம் முழுக்க மஞ்சள் துணி சரிந்தது. எட்டு, எட்டு, எட்டு.

"இன்னா சாமி," என்றார் ஆட்டோ ஓட்டும் ஜவஹர், "எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துக்கினு கீறியா?"

மதுவந்தி தரையில் சாக்பீஸால் நாற்பத்தேழுக்குக் கட்டம் போட்டாள். கண்ணைத் திறந்துகொண்டே போட்டாள். ஸ்ரீனிவாசராகவன் குனிந்து கூட்டினார், மறுபடியும் கூட்டினார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது. "சென்ட்ரலுக்குப் போய் உனக்கு டிக்கெட் பாத்துண்டு வரேன்" என்று செருப்பைத் தேடினார். சாமி செருப்பைக்கூடத் தேடாமல் பின்வாசல் வழியே போயிருந்தார்.

அப்போது ஒரு மாமி மதுவந்தியின் எதிரே கை கூப்பினாள். "அம்மா தாயே, என் பிள்ளை பாஸ் ஆகணும். ஒரு கட்டம் போட்டுக் கொடு."

மதுவந்தி சாக்பீஸை அவளிடம் நீட்டினாள். "கழிக்கத் தெரிஞ்சா போதும் மாமி. நீங்களே போட்டுக்கலாம்."

மாமிக்கு அது பிடிக்கவில்லை. வேறு சாமி யாராவது உண்டா என்று ஜவஹரிடம் விசாரிக்கப் போய்விட்டாள்.

உண்டு; நிச்சயம் வருவார். அதுவரை, கும்பிட்ட கைகளில் ஒன்றை எடுத்துக் கழுத்துக்கு மேலே தட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தாலும் இருக்கும்.