நடுவில் நிற்பவர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கிள்ளானில் நீங்கள் எந்தக் கோயிலைக் காட்டினாலும் அங்கே சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. பண்டமாரான் சமூக மண்டபத்தில் கண்காட்சி ஏற்பாட்டாளர் குரு ஒட்டுநாடாவும் கையுமாக வியர்த்து நின்றார். ‘அன்றைய பண்டமாரான்’ புகைப்படக் கண்காட்சிக்குப் பத்து மணிக்குத் திறப்பு. பத்தரைக்கு வருங்காலச் சம்பந்தி வாசு செமினியிலிருந்து வருகிறார். குருவுக்கு வியர்த்தது திறப்பை நினைத்து அல்ல.

வாசுவுக்கு ஒரு கொள்கை உண்டு. பெண் வீட்டில் நகையைப் பற்றிக் கேட்க மாட்டார், நட்சத்திரத்தைக் கேட்க மாட்டார். தாத்தாவின் படத்தைக் கேட்பார்.

“நிச்சயம் பேசறதுக்கு முன்னாடி பொண்ணோட தாத்தாவ ஒரு தடவ பார்த்துரணும். ஆளு நிக்கிற நிலையிலயே வம்சம் தெரிஞ்சிரும்” என்று போனில் சொல்லியிருந்தார்.

“கண்காட்சியிலேயே பார்த்துரலாம்லா” என்று குருவும் வாய்விட்டிருந்தார்.

சுவரில் இருநூற்றுப் பதினாறு படங்கள். லாலான் புல் மண்டிக் கிடந்த இடத்தில் முளைத்த முதல் ஆணித் தொழிற்சாலை. ஷிஃப்ட் முடிந்து அதன் வாசலை அடைத்துக்கொண்டு வரும் சைக்கிள் கூட்டம். வெள்ளத்தன்று மேசைமேல் ஏறி நிற்கும் ஆடு. வலை இல்லாமலே பூப்பந்து ஆடும் நால்வர். ஊரில் எல்லார் வீட்டு அப்பாவும் சுவரில் இருந்தார்கள், குருவின் அப்பா சின்னையாவைத் தவிர. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். யார் எப்போது கேமராவை எடுத்தாலும் அவருக்கு வேலை நேரமாக இருந்தது. ஒரே ஒரு படத்தில் அவருடைய சைக்கிள் மட்டும் வேலியில் சாய்ந்து நின்றது.

“சைக்கிளைக் காட்டி இதான் எங்கப்பான்னு சொல்லுங்களேன்” என்றாள் மனைவி மலர்.

குருவின் கண் ஒரு குழுப் படத்தின்மேல் நின்றுவிட்டது. பாசார் சந்தையில் வைத்த சேகரிப்புப் பெட்டியில் யாரோ பெயர் எழுதாமல் போட்டுவிட்டுப் போனது. முன்வரிசையில் நான்கு பேர் நாற்காலியில். பின்வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். அதில் நடுவில் நிற்பவருக்குக் கோட்டு, டை, கழுத்தில் ரோஜா மாலை. கழுத்துக்கு மேலே இருபது காசு நாணய அளவுக்குக் கரையான் தின்றிருந்தது.

குரு மார்க்கர் பேனாவைத் திறந்தார். ‘நடுவில் நிற்பவர்: என் தந்தை’ என்று எழுதி ஒட்டினார்.

“மூட்டை தூக்குனவருக்குக் கோட்டு ஏது?” என்றாள் மலர்.

“ஞாயித்துக்கிழமை கோட்டு.”

பத்தரைக்கு வாசு வந்தார். கூடவே அவருடைய அக்கா தனலெட்சுமி, மாப்பிள்ளைப் பையன் பிரவின், மூன்று பழத்தட்டுகள். குருவின் மகள் மாதவி கரிபாப் பலகாரத் தட்டை நீட்டினாள். வாசு அதைக் கவனிக்காமல் நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

குருவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

“அக்கா, இங்க ஓடியா. நம்ம அப்பா!” என்றார் வாசு.

“எந்த அப்பா?” என்றார் குரு.

“எங்கப்பாதான். தோட்டத்துல கணக்கெழுதுன கிராணி வேலாயுதம்.”

“தலை இல்லாம எப்படிச் சொல்றீங்க?”

“தலையைப் பார்த்துத்தான் நீங்க அப்பாவைக் கண்டுபிடிப்பீங்களா? நெஞ்சைப் பாருங்க, எப்படி நிமிர்ந்திருக்கு! போட்டோன்னா அப்பா மூச்சே விட மாட்டாரு.”

“எங்கப்பாவும் விட மாட்டாரு.”

“கையைப் பின்னால கட்டியிருக்காரு பாருங்க. சாகற வரைக்கும் ஒருத்தன்கிட்ட கை நீட்டாத மனுஷன்!”

“எங்கப்பாவும் நீட்டல” என்றார் குரு. பின்வாங்கினால் அப்பாவையே மாற்றிச் சொன்ன குடும்பம் என்று ஆகிவிடும்.

“அங்கிள், சண்டை வேணாம். போன்ல ஒரு ஆப் இருக்கு, அழிஞ்ச முகத்தை அதுவே வரைஞ்சு குடுத்துரும்” என்று பிரவின் முன்னால் வந்தான். ஆப், குடும்பத்தில் ஒருவர் முகத்தைக் கேட்டது. கைக்கு வந்தது அத்தையின் பிறந்தநாள் படம். அதைக் கொடுத்தான். இரண்டு நிமிடத்தில் கோட்டு, டை, மாலையோடு மீசை வைத்த தனலெட்சுமி வந்தாள்.

“அப்பா!” என்று அலறி அழுதாள் தனலெட்சுமி.

அழுதுகொண்டே லேபிளைப் படித்தவள் சட்டென்று நிறுத்தினாள். விரல்விட்டு எண்ணினாள்.

“வாசு, அப்பா வாரத்துல ரெண்டு நாள் பண்டமாரான்ல வேலைன்னு போவாரே... இப்பத்தான் தெரியுது என்ன வேலைன்னு. இந்தக் குரு நம்ம தம்பிடா!”

“அக்கா!”

“அப்படின்னா மாதவி பிரவினுக்குத் தங்கச்சி!”

பிரவினின் கரிபாப் தரையில் விழுந்தது.

“யாராவது ஒரு ஆளு அப்பாவை விட்டுக்குடுங்கலா, ப்ளீஸ்” என்றாள் மாதவி.

குருவுக்கு அம்மாவின் மானமும் மகளின் கல்யாணமும் ஒரே நேரத்தில் கப்பலேறுவது தெரிந்தது. “தப்பா எழுதிட்டேன். வளர்த்தவரு, அதான் தந்தைன்னு வந்துருச்சு. அவரு எனக்குச் சித்தப்பா” என்று சொல்லி, ‘தந்தை’யை அடித்துவிட்டுச் ‘சித்தப்பா’ என்று எழுதினார்.

தனலெட்சுமி மறுபடி எண்ணினாள். “சித்தப்பான்னாலும் நீ வாசுவுக்கு அண்ணன் தம்பிதானே? பங்காளிதானே? பொண்ணு அப்பவும் தங்கச்சிதான்.”

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. “அங்கிள், இந்தப் படத்துக்கு இன்னும் எத்தனை தடவ பேரு வைப்பீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

மலர் குருவின் காதைக் கடித்தாள். “தாய்மாமன்னு சொல்லுங்க. முறை வரும்.”

“தாய்மாமன்!” என்று கத்தினார் குரு. “அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன். பதட்டத்துல உளறிட்டேன்.” சித்தப்பாவும் அடிபட்டார்.

தனலெட்சுமி எண்ணினாள். இந்த முறை முகம் மலர்ந்தது. “அத்தை மகன், மாமன் மகன். அப்படின்னா புள்ளைங்களுக்குக் கட்டிக்கிற முறைதான்!”

மண்டபமே மூச்சுவிட்டது. ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். ஆனால் தனலெட்சுமியின் விரல் இன்னும் மடங்கவில்லை.

“இரு. அப்பாவுக்கு ஒரே தங்கச்சிதானே? சீதாலெட்சுமி அத்தை. அறுபத்தெட்டுல லோரிக்காரனோட ஓடிப்போனவ!”

வாசு மெல்லக் குருவின் பக்கம் திரும்பினார். “உங்கம்மா பேரு என்ன?”

“லெட்சுமி.”

“பாதிப் பேரை மறைச்சிருக்கா!” என்றாள் தனலெட்சுமி.

“உங்கப்பா என்ன வேலை?” என்றார் வாசு.

“துறைமுகத்துல மூட்டை தூக்குவாரு.”

“தூக்கி எதுல போடுவாரு?”

“லோரியில” என்றார் குரு.

“பார்த்தியாக்கா!” வாசு நெஞ்சில் அடித்துக்கொண்டார். “அப்பா கடைசியா என் கையைப் பிடிச்சுச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அந்த லோரி வீட்டுல நம்ம ஆளுங்க கை நனைக்கக் கூடாது. பிரவின், தட்டையெல்லாம் கார்ல ஏத்து.”

பிரவின் அசையவில்லை. மாதவி அப்பாவைப் பார்த்தாள், கண் நிறைய. குருவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“எல்லாரும் கேளுங்க. அவரு என் அப்பா இல்ல, சித்தப்பா இல்ல, மாமனும் இல்ல. யாருன்னே எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்குப் போட்டோவே கிடையாது. அந்தா, அந்த வேலியில சாஞ்சிருக்கிற சைக்கிள் மட்டும்தான் அவரு.”

வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரு முழு உண்மையைச் சொல்லியிருந்தார்.

“கேட்டியாக்கா?” என்றார் வாசு. “கல்யாணம் நடக்கணும்னு பெத்த தாயோட அண்ணனையே இல்லைங்கிறான். அதே லோரிக்கார ரத்தம்!”

“அப்பா, அவரு உண்மையச் சொல்றாருப்பா” என்றான் பிரவின்.

“நீ சும்மா இருடா. கோட்டைப் பாரு, மாலையைப் பாரு. இந்தக் கம்பீரம் எங்கப்பாவைத் தவிர வேற யாருக்கு வரும்?” வாசு தாமே குனிந்து முதல் பழத்தட்டைத் தூக்கினார்.

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வயதான அம்மா வந்தார். பாசாருக்குப் பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி. தாம் பெட்டியில் போட்ட படம் சுவரில் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்தவர். அடித்து அடித்து எழுதிய லேபிளைப் படித்தார். வாசுவின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். பிரவின் கைப்பேசியில் மீசையோடு இருந்த தனலெட்சுமியையும் பார்த்தார்.

“என்ன தம்பி, எதைத் தேடுறீங்க?”

“இவரு தலையைத்தான்க்கா” என்றார் குரு. “கரையான் தின்னுருச்சு.”

காத்தூன் பீவி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“கரையான் மேல பழி போடாதீங்கலா, அதுக்குத் தலையும் கிடையாது, கையும் கிடையாது, எங்க அத்தா தையல்கடை திறந்த அன்னிக்குக் கோட்டு மாட்டி வாசல்ல வெச்ச பொம்மை அது.”